விளக்கக்காட்சிப் படங்களைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கலாமா? நிலத்தடி நீர் பற்றிய 40 ஸ்லைடுகளை முன்வைத்து ஒரு விவாதம்

ஊற்றுக்கண் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நிலத்தடி நீரைப் பற்றிப் பல ஆண்டுகளாக உரையாற்றி வருகிறேன். துறை சார்ந்தவர்களுக்காக நான் உருவாக்கிய 40 ஸ்லைடுகள் கொண்ட தொகுப்பு ஒன்றை, இப்போது பள்ளி மாணவர்களுக்கு ஒன்றும் பொதுமக்களுக்கு ஒன்றுமாக இரண்டு புதிய வடிவங்களில் மாற்றித் தர வேண்டியிருக்கிறது. வரைகலைஞர் ஒருவரை அமர்த்திக்கொள்ளும் வாய்ப்பு இந்த முறை இல்லாததால், நாம் எழுதும் தூண்டுரையைக் கொண்டு படம் ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை முதன்முதலாகப் பயன்படுத்திப் பார்த்தேன்.

‘மண்ணுக்கு அடியில் நீர் தங்கியிருப்பதைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம்’ என்று கேட்டேன். சிறிது நேரத்தில் வந்த படத்தைப் பார்த்து வியந்துபோனேன். மேலே புல்வெளி, அதன் கீழே அடுக்கடுக்காக மண், அதற்கும் கீழே ஒரு பெரிய குகை, அந்தக் குகைக்குள் அசையாமல் கிடக்கும் நீல ஏரி. என் கையால் அப்படியொரு படத்தை ஒருநாளும் வரைந்திருக்க முடியாது. உடன் பணிபுரியும் அம்மையார் ஒருவரிடம் அதைக் காட்டியபோது, அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தரைக்கு அடியில் ஏரி இருக்கிறது என்ற எண்ணத்தைப் போக்கத்தானே இத்தனை ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறோம்?” என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் சரி. சுண்ணாம்புப் பாறைக் குகைகள் போன்ற சில இடங்களைத் தவிர்த்துவிட்டால், நிலத்தடி நீர் மணல் துகள்களின் இடைவெளிகளிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தங்கியிருக்கிறது. படத்தின் அழகில் நானே அதைக் கவனிக்கத் தவறிவிட்டேன் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இந்தக் கருவியை அடியோடு ஒதுக்கிவிட வேண்டுமா, அல்லது எந்தெந்தப் படங்களை அதனிடம் ஒப்படைக்கலாம், எவற்றை ஒப்படைக்கக் கூடாது என்று வகுத்துக்கொள்ள வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

தரவுத்தடம்

உங்களுக்கு நேர்ந்ததைத் தற்செயலான பிழையாக நான் பார்க்கவில்லை. இந்தக் கருவிகள் வேலை செய்யும் முறையிலேயே அதன் காரணம் இருக்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை, படமும் அதற்கான விளக்கமும் இணைந்த எண்ணற்ற இணைகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. 2022-ஆம் ஆண்டு வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் ஆக்கும் கருவி, 585 கோடி இணைகளைக் கொண்ட லயான்-5பி என்ற தொகுப்பின் பகுதிகளிலிருந்து கற்றுக்கொண்டது. அது வெறும் இரைச்சலாகத் தோன்றும் புள்ளிக் கூட்டத்தில் தொடங்கி, நம் சொற்களுக்குப் பொருந்தும் திசையில் அந்த இரைச்சலைப் படிப்படியாக நீக்கிக்கொண்டே வந்து ஒரு படத்தில் முடிக்கிறது. அந்தச் சொற்களோடு எந்தத் தோற்றம் அடிக்கடி சேர்ந்து வந்திருக்கிறதோ அதை நோக்கியே அது நகரும்; உண்மையில் எது எப்படி இருக்கிறது என்று சரிபார்க்கும் உறுப்பு எதுவும் அதனுள் இல்லை. கைக்கடிகாரம் வரையச் சொன்னால், நீங்கள் எந்த நேரத்தைக் குறிப்பிட்டாலும் முட்கள் 10 மணி 10 நிமிடத்தில் போய் நிற்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். விளம்பரப் படங்களில் கடிகாரங்கள் பெரும்பாலும் அந்த நேரத்தையே காட்டுகின்றன. உங்கள் நிலத்தடி ஏரியும் அப்படி வந்ததுதான். மக்கள் மனத்தில் உள்ள தவறான எண்ணம் படங்களில் ஏறி, படங்களிலிருந்து கருவிக்குள் ஏறி, அங்கிருந்து உங்கள் ஸ்லைடுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

எனவே ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் படத்தைப் பார்ப்பவர் இதைச் சான்றாக எடுத்துக்கொள்வாரா? ஆம் என்றால் அந்தப் படத்தைக் கருவி ஆக்கக் கூடாது. நிலப்படம், அளவீட்டு வரைபடம், களத்தில் எடுத்த ஒளிப்படம், ஆய்வக உருப்பெருக்கிப் படம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். குறிப்பாக, எண்களைக் காட்டும் படங்களில் மிகுந்த எச்சரிக்கை தேவை. உலகின் நன்னீரில் ஏறக்குறைய 69 விழுக்காடு பனியாக உறைந்திருக்கிறது, ஏறக்குறைய 30 விழுக்காடு நிலத்தடியில் இருக்கிறது, ஆறு, ஏரி உள்ளிட்ட எஞ்சியவை எல்லாம் சேர்ந்தாலும் 2 விழுக்காட்டை எட்டுவதில்லை. இதை வட்ட வரைபடமாகத் தரும்படி படம் ஆக்கும் கருவியிடம் கேட்டுப் பாருங்கள். எண்களைச் சரியாக எழுதிவிட்டு, 30 விழுக்காட்டுக்கு அரை வட்டத்தை ஒதுக்கிய படத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, எழுத்தில் உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் உங்கள் அட்டவணையைக் கொடுத்து, வரைபடம் தீட்டுவதற்கான நிரலைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதித் தரச் சொல்லுங்கள். நிரலை நீங்கள் வரிவரியாகச் சரிபார்க்கலாம். எண் மாறினால் படமும் தானே மாறும்.

2024 பிப்ரவரியில் ஓர் அறிவியல் இதழில், உடலமைப்பு முற்றிலும் பொய்யாகவும் குறிப்புச் சொற்கள் பொருளற்றும் இருந்த ஓர் எலியின் படம், செயற்கை நுண்ணறிவு ஆக்கியது என்ற அறிவிப்போடே வெளியாகி, சில நாள்களில் அந்தக் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. ஆசிரியர் குழுவையும் மதிப்பீட்டையும் தாண்டி அச்சேறிய பிழை, ஒரு ஸ்லைடை 40 விநாடிகள் மட்டுமே பார்க்கும் அவையின் கண்ணுக்குத் தப்பாது என்று எப்படி நம்புவது? நேச்சர் என்ற அறிவியல் இதழ் 2023 ஜூன் மாதத்திலேயே, இத்தகைய படங்களைப் பொதுவாக வெளியிடுவதில்லை என்று அறிவித்துவிட்டது.

ஊற்றுக்கண்

மிக்க நன்றி. வரைபடங்களைப் பொறுத்தவரை தெளிவு கிடைத்துவிட்டது. குறுக்குவெட்டுப் படங்கள்தான் என் கவலை. அவை ஐந்து இருக்கின்றன, எனக்கோ வரைய வராது. அவற்றைச் சான்று என்று சொல்வதா, விளக்கம் என்று சொல்வதா?

கோட்டோவியம்

நான் தொழில்முறையில் படம் வரைபவன். குறுக்குவெட்டுப் படம் இரண்டுக்கும் நடுவே நிற்பது. அதன் வடிவம் சான்று, அதன் தோற்றம் அலங்காரம். ஆகவே வடிவத்தை நீங்கள் கொடுங்கள், தோற்றத்தைக் கருவி கொடுக்கட்டும்.

வரைய வராது என்கிறீர்கள். தரைமட்டத்துக்கு ஒரு கோடு, நீர்மட்டத்துக்கு ஒரு கோடு, நீர் புகாத களிமண் அடுக்குக்கு இரண்டு கோடுகள், கிணற்றுக்கு ஒரு செவ்வகம் போட உங்களால் முடியும். கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் புனல்போலக் குழிவதை உங்களைவிடச் சரியாக வேறு எவராலும் வரைய முடியாது. தாளில் அதை வரைந்து படமெடுத்துக் கருவிக்குக் கொடுங்கள். 2023 பிப்ரவரியில் வந்த கன்ட்ரோல்நெட் என்ற முறைக்குப் பிறகு, கோட்டு வரைவைச் சட்டகமாக ஏற்று அதன் மேல் வண்ணமும் பரப்பும் சேர்க்க இந்தக் கருவிகளால் முடிகிறது. இன்றைய கருவிகள் பலவற்றில், படத்தை ஏற்றிவிட்டு ‘கோடுகள் எதையும் நகர்த்தாதே’ என்று எழுதினாலே பெருமளவு கேட்டுக்கொள்கின்றன. பெருமளவுதான், முழுவதும் அன்று. வந்த படத்தின் மேல் உங்கள் கோட்டு வரைவை ஒளிபுகும் படலமாக வைத்து ஒப்பிட்டே ஆக வேண்டும்.

இன்னொரு வழி எனக்கு அதிகம் பிடித்தது. உரையாடும் கருவியிடம் குறுக்குவெட்டை எஸ்விஜி வடிவில் எழுதித் தரச் சொல்லலாம். அது புள்ளிகளால் ஆன படமாக இல்லாமல், கோடுகளையும் நிரப்பு வண்ணங்களையும் பற்றிய எழுத்துக் குறிப்பாக இருப்பதால், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. பவர்பாயிண்டில் சேர்த்த பிறகு அதைத் தனித்தனி உருவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நகர்த்தலாம், நிறம் மாற்றலாம், நீக்கலாம். ஆழமும் நளினமும் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று அவைகளுக்கு மூன்று வடிவங்கள் வேண்டும் என்கிறீர்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. துறையினருக்கு எல்லா அடுக்குகளும் இருக்கட்டும். பொதுமக்களுக்குக் கிணறும் நீர்மட்டமும் மட்டும் போதும். மாணவர்களுக்கு இன்னும் குறைத்து, ஒரு வட்டத்துக்குள் மணல் துகள்களைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். ஒவ்வோர் அவைக்கும் புதிதாகப் படம் ஆக்கச் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் சரிபார்த்து முடித்தவை எல்லாம் மீண்டும் மாறிவிடும். மாற்றம் தேவைப்படும் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து அதை மட்டும் திருத்தும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரே தொகுப்பில் ஒரு படம் நீர்வண்ண ஓவியம்போலவும் அடுத்தது முப்பரிமாணப் பொம்மைபோலவும் இருந்தால், பார்ப்பவர் கவனம் ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒருமுறை சிதறும். பாணியை விவரிக்கும் ஒரே பத்தியை எழுதி வைத்துக்கொண்டு எல்லாத் தூண்டுரைகளிலும் மாற்றாமல் சேருங்கள். நான்கைந்து நிறங்களை அவற்றின் குறியீட்டு எண்களோடு முடிவு செய்யுங்கள். முதலில் திருப்தியாக வந்த படத்தை மற்றவற்றுக்கு மாதிரியாக ஏற்றுங்கள். அந்தப் பத்தியில், வாழும் ஓவியர் எவருடைய பெயரையும் எழுதி ‘அவரைப்போல’ என்று கேட்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பல பத்தாண்டுகள் உழைத்து ஒருவர் அடைந்த கைவண்ணம், அவரைக் கேட்காமலேயே கருவிக்குள் போயிருக்கிறது. அதைப் பெயர் சொல்லி அழைத்துப் பயன்படுத்துவது என் மனத்தைப் புண்படுத்துகிறது. என்னைப் போன்ற பலருக்கும் அப்படித்தான்.

எழுத்துளி

எழுத்துருத் துறையில் இருப்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். எவ்வளவு கேட்டாலும் படத்துக்குள் தமிழை எழுத விடாதீர்கள். அண்மைக் கருவிகள் ரோமன் எழுத்துகளைப் பெரும்பாலும் பிழையின்றி எழுதத் தொடங்கிவிட்டன. அதைப் பார்த்துவிட்டுத் தமிழையும் நம்பிவிடுகிறார்கள்.

நாம் தட்டச்சு செய்யும்போது ‘கொ’ என்பது ககரமாகவும் அதன் பின் வரும் ஒகரக் குறியாகவும் சேமிக்கப்படுகிறது; அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை எழுத்துக்கு முன்னும் காலை எழுத்துக்குப் பின்னும் வைப்பது எழுத்துருவும் அதை இயக்கும் மென்பொருளும் செய்யும் வேலை. படம் ஆக்கும் கருவியில் அந்த ஏற்பாடு இல்லை. அது எழுத்தை எழுதாமல், எழுத்தின் தோற்றத்தை வரைகிறது. அதனால் கொம்பு ஓரிடத்தில் முளைக்கும், காலும் ரகரமும் ஒன்றாகிவிடும், புள்ளி காணாமல் போகும். ‘நீர்மட்டம்’ என்பது ‘நீரமடடம’ ஆனால் அறிந்தவர்கள் ஊகித்துப் படித்துக்கொள்வார்கள். ‘மண்’ என்பது புள்ளியை இழந்து ‘மண’ என்று திரையில் நின்றால், படிக்கக் கற்கும் ஒரு பிள்ளைக்கு அது என்ன சொல்லும்? ணகரமும் னகரமும் மாறுவதையோ, லகர ளகர ழகரங்கள் ஒன்றையொன்று விழுங்குவதையோ நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

‘எழுத்தோ எண்ணோ எதுவும் வேண்டாம், வலப்புறம் மூன்றில் ஒரு பங்கு இடத்தை வெறுமையாக விடு’ என்று கேட்டுப் படத்தைப் பெறுங்கள். பெயர்க் குறிப்புகளை ஸ்லைடிலேயே உரைப்பெட்டிகளாக வையுங்கள். பிழை கண்டால் நொடியில் திருத்தலாம், வேறு மொழிக்கு மாற்ற வேண்டுமானால் படத்தைத் தொடாமல் மாற்றலாம், திரையை வாசிக்கும் மென்பொருளுக்கும் அந்தச் சொற்கள் கேட்கும்.

தெளிநீர்

மேலே உள்ளவர்கள் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். ஆனால் அடிப்படைக் கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை என்று நினைக்கிறேன். அந்தப் படம் வேண்டுமா?

படம் பெறுவது கடினமாக இருந்தபோது, அவசியமான இடத்தில் மட்டும் படம் வைத்தோம். இப்போது ஒரு வரி எழுதினால் ஒரு படம் வந்துவிடுவதால், ஒவ்வொரு ஸ்லைடும் தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்பதுபோலத் தோன்றுகிறது. கல்வி உளவியல் அறிஞர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளின் அடிப்படையில் வகுத்த நெறிகளுள் ஒன்று, பாடத்துக்குத் தொடர்பில்லாத சொல்லும் படமும் ஒலியும் நீக்கப்படும்போது மக்கள் நன்றாகக் கற்கிறார்கள் என்பது. கண்ணைக் கவரும் தொடர்பற்ற படம் பயனற்றதாக இருப்பதோடு நிற்பதில்லை, கற்றலைக் கெடுக்கவும் செய்கிறது. கையில் நீர்த்துளியை ஏந்திய பூமிப்பந்து எத்தனை அழகாக இருந்தாலும், உங்கள் மாணவருக்கு நீர்மட்டம் ஏன் கோடையில் இறங்குகிறது என்பதைச் சொல்லித் தராது.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். வறண்ட நிலத்தில் வெற்றுக் குடத்தோடு நிற்கும் ஒரு பெண்ணின் ஒளிப்படம்போன்ற படத்தை ஆக்கித் தொகுப்பின் முதல் ஸ்லைடில் வைக்கும் பழக்கம் பரவி வருகிறது. அந்தப் பெண் இந்த உலகில் இல்லை. அவையினர் அவர் முகத்தைப் பார்த்து இரங்குகிறார்கள், அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்கிறார்கள். உண்மையில் தண்ணீருக்காக நடக்கிறவர்களின் துயரத்துக்குச் சாட்சியாக ஒரு பொய் முகத்தை நிறுத்துவது எனக்கு ஏற்புடையதன்று. ‘செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டது’ என்று கீழே சிறிய எழுத்தில் போட்டால் போதும் என்பார்கள். துயரத்தைக் காட்டும் படத்துக்கு அது போதாது. அத்தகைய இடத்தில் ஓவியம் என்று பார்த்தவுடன் தெரியும் படத்தை வையுங்கள், அல்லது உண்மையான ஒளிப்படத்தை அனுமதி பெற்று வையுங்கள்.

ஊற்றுக்கண்

தெளிநீர் அவர்கள் சொன்ன இரண்டாவது கருத்தை முழுமையாக ஏற்கிறேன். என் தொகுப்பில் அப்படியொரு படம் இருந்தது, இன்றே நீக்கிவிட்டேன். முதல் கருத்தில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. மாணவர்களுக்கு வெறும் கோட்டுப் படங்களை மட்டும் காட்டினால் சில நிமிடங்களில் அவர்கள் கண்கள் வெளியே போய்விடுகின்றன. கற்பனைக்கு இடம் தரும் ஒரு படம் அவர்களைத் திரும்ப அழைத்து வருகிறது. மண்ணுக்குள் நீர் இருப்பதை மனத்தில் பதியச் செய்ய, கூழாங்கற்கள் நிறைந்த ஒரு கண்ணாடிக் குடுவையில் நீர் நிற்பதுபோன்ற படத்தை ஆக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். அது பாடத்தோடு நேரடித் தொடர்புடையதுதானே?

தரவுத்தடம்

மிக நல்ல படம், ஐயா. ஆனால் அதை ஏன் ஆக்க வேண்டும்? ஒரு குடுவை, கழுவிய கூழாங்கற்கள், நிறம் கலந்த நீர், ஒரு கைப்பேசி போதும். ஆக்கிய படத்தில் நீர் கற்களுக்கு மேலே தனி அடுக்காக நிற்கலாம், கற்கள் மிதக்கக்கூடச் செய்யலாம். உண்மையான குடுவையில், கற்கள் நிறைந்த பிறகும் அதன் கொள்ளளவில் கால் பங்குக்கு மேல் நீர் ஊற்ற முடியும் என்பதை அளந்து காட்டலாம். அந்த எண்ணை மாணவர்கள் மறக்க மாட்டார்கள். படமெடுத்த பின் பின்னணியில் உள்ள மேசையையும் சுவரையும் நீக்கி ஒரே நிறமாக்க வேண்டுமானால் அதைக் கருவியிடம் கொடுங்கள். இதில் கருவி தொடுவது பின்னணியை மட்டுமே. கல்லும் நீரும் குடுவையும் உங்களுடையவை.

அகல்விழி

எனக்குப் பார்வைக் குறைபாடு உண்டு. விளக்கக்காட்சிகளை அணுகத்தக்கவையா என்று சோதிப்பது என் பணி. ஆக்கிய படங்களைப் பின்னணியாக வைத்து அதன் மேல் எழுதுவது இப்போது நான் மிகுதியாகக் காணும் குறை. இணைய அணுக்கத்துக்கான உலகளாவிய வழிகாட்டி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்றும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும் என்றும் சொல்கிறது. ஒரு பக்கம் மேகமும் மறு பக்கம் இருளுமாக உள்ள படத்தின் மேல், ஒரே வரியின் முதல் சொல் தேறும், கடைசிச் சொல் தேறாது.

படத்துக்கான மாற்று உரையை, அதாவது படத்தைக் காண இயலாதவருக்குத் திரையை வாசிக்கும் மென்பொருள் படித்துக் காட்டும் விளக்கத்தை, கருவியே எழுதித் தருகிறது என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். படத்தில் என்ன தெரிகிறது என்பதை அது எழுதும். இந்த ஸ்லைடில் அந்தப் படம் எதற்காக இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். நீர் உயர்ந்த இடத்தைப் பச்சையாகவும் தாழ்ந்த இடத்தைச் சிவப்பாகவும் மட்டும் காட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். அவ்விரு நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்கள் ஏறக்குறைய எல்லா அவைகளிலும் இருப்பார்கள்.

புதுவாசகர்

இடையில் ஒரு சிறு ஐயம். இப்படி ஆக்கிய படங்களின் உரிமை யாருக்கு? நான் தயாரித்த தொகுப்பை மற்றொருவர் அப்படியே எடுத்துக்கொண்டால் தடுக்க முடியுமா?

கோட்டோவியம்

நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் ஒரு படக்கதை நூல் பற்றிய முடிவில், எழுத்துக்கும் அமைப்புக்கும் உரிமை உண்டு, கருவி ஆக்கிய தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்றது; 2025 ஜனவரி அறிக்கையில், தூண்டுரை எழுதியது மட்டுமே ஒருவரை ஆசிரியராக்கிவிடாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. உங்கள் உரை, வரிசை, நீங்களே வரைந்த கோடுகள் ஆகியவற்றின் நிலை வேறு. எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும். பிறர் எடுத்த ஒளிப்படத்தையோ, வெளியிடப்படாத நிலப்படத்தையோ மாற்றித் தரச் சொல்லிக் கருவியில் ஏற்றும் முன், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊற்றுக்கண்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். 40 ஸ்லைடுகளையும் பிரித்துப் பார்த்தேன். அளவீட்டு வரைபடங்கள் 9, குறுக்குவெட்டுகள் 5, களப் படங்கள் 6, வெறும் எழுத்து 8, எஞ்சிய 12 அலங்காரம். வரைபடங்கள் அனைத்தும் நிரல் வழியே புதிதாக வந்துவிட்டன. குறுக்குவெட்டுகளை எஸ்விஜியாக எழுதச் சொல்லித் திருத்திக்கொண்டேன். களிமண் அடுக்கின் சரிவை நான்கு முறை மாற்ற வேண்டியிருந்தது, ஆனாலும் மூன்று அவைகளுக்கும் அதே படத்திலிருந்து பிரித்தெடுக்க முடிகிறது. அலங்காரத்தில் 3 மட்டும் நிற்கின்றன. குடுவையைப் படமெடுத்தேன். மாணவர்கள் படத்தைவிடக் குடுவையையே கேட்டார்கள் என்பதால் இப்போது அதை நேரில் எடுத்துச் செல்கிறேன்.

நான் கவனிக்கத் தவறிய ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். களப் படங்களைத் தொடக்கூடாது என்று முடிவு செய்திருந்தும், அவை பழைய 4-க்கு 3 அளவில் இருந்ததால், 16-க்கு 9 திரைக்குப் பொருந்தும்படி இரு பக்கங்களையும் நீட்டித் தரச் சொன்னேன். அது படத்தை மாற்றுவதாகாது, ஓரத்தை நிரப்புவது மட்டுமே என்று எண்ணினேன். ஒத்திகையின்போது, அந்த இடத்தில் பல ஆண்டுகள் நீர்மட்டம் அளந்த களப்பணியாளர் எழுந்து, “இடப்புறம் தெரியும் அந்த இரண்டாவது கிணறு எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். அங்கே அப்படியொரு கிணறு இல்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 1920 பிக்சல் அகலத்தில் 480 பிக்சல், அதாவது படத்தில் கால் பங்கு, கருவி சேர்த்தது. இதற்கு வேறு வழி உண்டா?

கோட்டோவியம்

உண்டு, எளியது. படத்தை அதன் அளவிலேயே ஒரு பக்கமாக ஒதுக்கி வையுங்கள். மீதமுள்ள 480 பிக்சலை உங்கள் தொகுப்பின் அடர்ந்த நிறத்தால் நிரப்பி, படமெடுத்த நாளையும், கிணற்றின் எண்ணையும், அன்று அளந்த நீர்மட்டத்தையும் அங்கே எழுதுங்கள்.

ஊற்றுக்கண்

ஆறு படங்களையும் அப்படியே மாற்றிவிட்டேன். அளவீடுகளை எழுத இடம் இல்லை என்று இத்தனை நாளும் அவற்றை வாயால்தான் சொல்லி வந்தேன்.